ஒரு செக்டருக்கு 170 தையல்: பழைய ஃப்ளாப்பியிலிருந்து எம்ப்ராய்டரி வடிவங்களை மீட்பது எப்படி?

பின்னலாடைகளின் மார்பிலும் கையிலும் முத்திரையும் பூவும் எழுத்தும் தைக்கும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி இயந்திரங்கள், 1990-களிலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும், தைக்க வேண்டிய வடிவத்தை மூன்றரை அங்குல ஃப்ளாப்பியிலிருந்தே பெற்றுக்கொண்டன. அந்த வடிவத்தை உருவாக்கும் வேலைக்குத் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். ஊசி விழ வேண்டிய இடம் ஒவ்வொன்றையும் தீர்மானித்து, பனியன் துணி எந்தப் பக்கம் இழுபடும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் தையலின் நெருக்கத்தையும் திசையையும் மாற்றி அமைக்கும் நுட்பமான கைத்திறன் அது. தாராபுரம், மூலனூர் வரை ஆட்களை ஈர்க்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில், இத்தகைய உழைப்பு தங்கிய ஒரு ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டர் படிக்க மறுத்தவுடன் குப்பையில் போடுவது, தவிர்க்கக்கூடிய இழப்பு. படிக்க முடியவில்லை என்ற அறிவிப்பு, படிக்கும் கருவி தோற்றுவிட்டதைத்தான் பெரும்பாலும் சொல்கிறதே தவிர, எழுதியது அழிந்துவிட்டதைச் சொல்வதில்லை.

ஃப்ளாப்பியின் உள்ளே இருப்பது, இருபுறமும் காந்தப்பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. 1.44 எம்.பி. வகையில் ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் செக்டர் எனப்படும் 18 துண்டுகள், ஒவ்வொரு செக்டரிலும் 512 பைட்டுகள் என மொத்தம் 2,880 செக்டர்கள் உள்ளன. நிமிடத்துக்கு 300 முறை சுழலும் இந்த வட்டை டிரைவின் ஹெட் தொட்டபடியே படிக்கிறது என்பதால், பனியன் துணியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசியும், ஆடிக் காற்றில் ஜன்னல் வழியே வரும் மண்ணும், மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் பூக்கும் பூஞ்சையும் அதற்கு நேரடிப் பகைகள். வட்டில் பூஞ்சை இருப்பதைக் கவனிக்காமல் ஃப்ளாப்பியை டிரைவில் செருகினால், ஹெட் அந்தப் பூஞ்சையையும் சில நேரம் காந்தப்பூச்சையுமே சுரண்டி எடுத்து, தன் மேல் அப்பிக்கொண்டு, அடுத்துச் செருகப்படும் நல்ல ஃப்ளாப்பியிலும் கீறல் போட்டுவிடும். கீச்சென்ற ஒலி கேட்டால் அக்கணமே ஃப்ளாப்பியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

எனவே முதல் வேலை கண்ணால் பார்ப்பது. உலோக மூடியை ஒதுக்கி, நடுவிலுள்ள உலோகத் தட்டை விரலால் மெதுவாகச் சுற்றி, வட்டின் முழுப் பரப்பையும் வெளிச்சத்தில் பார்த்தால் வெண்புள்ளிகளும் வட்டக் கீறல்களும் தெரியும். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, அழுத்தாமல் ஒற்றி ஒற்றித் துடைத்து, நன்கு உலரவிட்ட பிறகே டிரைவுக்குள் விட வேண்டும். பூஞ்சை மிகுந்திருந்தால் மேலுறையைப் பிரித்து வட்டை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, நல்ல நிலையிலுள்ள வேறொரு ஃப்ளாப்பியின் உறைக்குள் மாற்றுவதும் நடைமுறையில் உள்ள வழி. எதைச் செய்வதற்கு முன்பும், மூலையிலுள்ள சிறிய தாழைத் துளை திறந்திருக்கும் நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். துளை திறந்திருந்தால் டிரைவ் அதில் எதையும் எழுதாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால், வேண்டாம் என்பது ஒன்றே விடை. சில எம்ப்ராய்டரி இயந்திரங்கள் தமக்கே உரிய அமைப்பில் ஃப்ளாப்பியை எழுதின என்பதால், நன்றாக இருக்கும் ஃப்ளாப்பியைக்கூட விண்டோஸ் ஃபார்மேட் செய்யப்படாத ஃப்ளாப்பி என்று தவறாகக் கருதிவிடும்.

அடுத்தது, கோப்புகளைத் தேடாமல் முழு ஃப்ளாப்பியையும் செக்டர் செக்டராகப் பிரதி எடுப்பது. இமேஜ் எனப்படும் இந்தப் பிரதி கிடைத்துவிட்டால், மற்ற முயற்சிகள் எல்லாவற்றையும் அதன் மேல் நடத்தலாம். நலிந்த வட்டுக்கு மேலும் தேய்மானம் இல்லை. ஜி.என்.யூ. டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், எளிதில் கிடைக்கும் செக்டர்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் செக்டர்களைக் குறித்து வைத்து, அவற்றிடம் பிறகு திரும்பிவருகிறது. அதிலும் தேறாதவற்றுக்கு, க்ரியோஃப்ளக்ஸ், க்ரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகைகள் உதவுகின்றன. சாதாரண டிரைவ் ஏற்பாட்டில், ஒவ்வொரு செக்டரின் முடிவிலும் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால், ஒரே ஒரு பிட் பிசகியிருந்தாலும் 512 பைட்டுகளும் பிழையென ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பலகைகளோ செக்டர் என்ற கணக்கையே பார்க்காமல், வட்டில் காந்தத்தின் திசை எந்தெந்த நொடித்துளியில் மாறுகிறது என்பதைப் பல சுற்றுகளுக்குப் பதிவு செய்கின்றன. ஒரு சுற்றில் மங்கியது மறு சுற்றில் தெளிவாக வந்திருக்கலாம். ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-இல் அமிகா கம்ப்யூட்டரில் வரைந்த படங்களை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சங்கத்தினர் க்ரியோஃப்ளக்ஸின் துணையோடு மீட்டது 2014-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

இங்கே திருப்பூர் வட்டாரத்துக்கு மிகவும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஹெட் சற்றே விலகிய டிரைவில் எழுதப்பட்ட ஃப்ளாப்பி, அதே விலகலுள்ள அந்த டிரைவில் மட்டுமே சரியாகப் படிக்கப்படக்கூடும். ஆகவே பழைய எம்ப்ராய்டரி இயந்திரத்தை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும்போது, அதன் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஃப்ளாப்பிகளுக்கு அதைவிடப் பொருத்தமான டிரைவ் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.

இமேஜ் கிடைத்தும் கோப்புப் பட்டியல் சிதைந்திருக்கக் கூடும். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடப்பதை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம்: எந்த மூட்டை யாருடையது என்று குறித்த பதிவேடு தொலைந்தால் குழப்பம் வருமே தவிர, மூட்டைகள் கிடங்கில்தான் இருக்கும். ஃப்ளாப்பியில் கோப்பை அழிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. பட்டியலில் பெயரின் முதல் எழுத்து ஓர் அடையாளக் குறியாக மாற்றப்பட்டு, கோப்பு இருந்த இடங்கள் காலியானவை என்று குறிக்கப்படுகின்றன. வேறொரு கோப்பு அங்கே எழுதப்படும் வரை தையல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எம்ப்ராய்டரி இயந்திர நிறுவனமான தஜிமாவின் டி.எஸ்.டி. வகைக் கோப்புக்கு இந்த நிலையில் ஒரு நல்லூழ் அமைந்திருக்கிறது. அதன் முகப்புக் குறிப்பு சரியாக 512 பைட்டுகள், அதாவது முழுதாக ஒரு செக்டர். 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் கோப்புகள் செக்டரின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும் என்பதால், எல்.ஏ. என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும் செக்டர்களை இமேஜில் தேடினாலே வடிவங்கள் தொடங்கும் இடங்கள் அகப்பட்டுவிடும். அதே முகப்பில் மொத்தத் தையல் எண்ணிக்கையும் இருக்கிறது. ஒரு தையலுக்கு 3 பைட் என்ற கணக்கில், 12,000 தையல் கொண்ட வடிவத்துக்கு முகப்பையும் சேர்த்து ஏறத்தாழ 36,512 பைட், அதாவது 72 செக்டர்களை வெட்டி எடுத்தால் போதும். ஆனால் வடிவம் ஃப்ளாப்பியில் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நடுவே ஒரு செக்டர் மட்டும் மீளவே இல்லையென்றால் போவது சுமார் 170 தையல். ஆனால் டி.எஸ்.டி. கோப்பில் ஒவ்வொரு தையலும் முந்தைய தையலிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் குறிக்கப்படுவதால், அந்த ஓட்டைக்குப் பின் வரும் பகுதி முழுவதும் இடம் பெயர்ந்து, ஒரு முத்திரையின் பாதி மற்றப் பாதியின் மேல் ஏறி நிற்கும். இழந்த செக்டரை நீக்கிவிடாமல் 512 சுழியங்களால் நிரப்புவது இங்கே அவசியம். 512 மூன்றால் மீதியின்றி வகுபடாத எண் என்பதால், நீக்கிவிட்டால் பின்வரும் தையல்களின் பைட் வரிசையே குலைந்து வெறும் கிறுக்கலாகிவிடும். பிறகு முகப்பைப் பார்க்க வேண்டும். தொடங்கிய புள்ளியிலிருந்து வடிவம் எவ்வளவு தள்ளி முடிகிறது என்பதற்கு அங்கே இடம் உண்டு. பஞ்சிங் மென்பொருள் அதைச் சரியாக நிரப்பியிருந்தால், எஞ்சிய தையல்களின் நகர்வுகளைக் கூட்டி அந்த எண்ணிலிருந்து கழிக்க, தொலைந்த தையல்கள் எல்லாம் சேர்ந்து நகர்த்திய தூரம் விடையாக வரும். அந்தத் தூரத்தை ஒரே தாவலாகச் சேர்த்தால் பின்பகுதி தன் இடத்துக்குத் திரும்புகிறது. பஞ்சிங் செய்பவர் அந்த இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும்.

மீட்டவற்றை மறுபடியும் ஃப்ளாப்பியில் வைப்பதில் பொருளில்லை. சோனி 2011-இல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஃப்ளாப்பியில் ஆவணம் தர வேண்டும் என்ற விதிகளை ஜப்பான் அரசும் 2024-இல் நீக்கிவிட்டது. இயந்திரம் இன்னும் ஓடுகிறது என்றால், ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் அதேபோல நடந்துகொள்ளும் யு.எஸ்.பி. எமுலேட்டரைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து தைக்கலாம்.

ஒன்று மட்டும் எந்த இமேஜிலும் கிடைக்காது. டி.எஸ்.டி. கோப்பில் நூலை மாற்று என்ற கட்டளை உண்டு, எந்த நிற நூல் என்ற குறிப்பு கிடையாது. நிறமும், பார்ட்டியின் பெயரும், ஸ்டைல் எண்ணும் ஃப்ளாப்பியின் மேல் ஒட்டிய தாளிலோ, கூடவே வைத்த சாம்பிள் துணியிலோதான் இருக்கும். பேனா மையை ஆல்கஹால் கரைத்துவிடும் என்பதால், பஞ்சுக்குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தத் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.