மழைக்கால டிரெக்கிங்கில் தரையில் 'பவளம்' பார்த்தீங்களா? அது செடி இல்லை

ஆகுர்டியில் லோக்கல் ரயில் ஏறி, மழைக்காலத்தில் லோனாவாலா பக்கம் டிரெக்கிங் போகிறவரா நீங்கள்? அருவியை போட்டோ எடுத்து முடித்ததும், மரத்தடிச் சருகையும் கொஞ்சம் பாருங்கள். கடலுக்கடியில் இருக்கவேண்டிய பவளம் மாதிரி ஒன்று, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ, விரல் உயரத்துக்குக் கிளை விரித்து நிற்கலாம். பவளக் காளான்!

கடல் பவளம் ஒரு விலங்கு. இது பூஞ்சை. கண்ணுக்குத் தெரிவது முழு உயிரியும் கிடையாது. மண்ணுக்குள்ளோ மட்கும் கட்டைக்குள்ளோ பரவியிருக்கும் மெல்லிய இழைகள்தான் இதன் உடம்பு. வெளியே தலைகாட்டுவது வித்துகளைப் பரப்பத்தான். மாமரத்துக்கு மாங்காய் மாதிரி.

ஏன் இந்த வடிவம்?

பட்டன் காளானில் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளில் வித்துகள் உருவாகும். பவளக் காளானுக்குக் குடை இல்லை. கிளைகளின் வெளிப்பரப்பிலேயே உருவாகின்றன. கிளை கூடினால் பரப்பும் கூடும். பரிணாமத்தில் இந்த ஐடியா தனித்தனியாகப் பல முறை வந்திருக்கிறது. அந்தக் கால ஆய்வாளர்கள் பெரும்பாலானவற்றை 'கிளவேரியா' என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார்கள். 1961-ல் கே.எஸ். திண்ட் எழுதிய இந்திய வகைகள் பற்றிய நூலின் தலைப்பிலும் அந்தப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்தான். டிஎன்ஏ ஆய்வு வந்தபிறகு குடும்பம் சிதறிவிட்டது. கிளவேரியா, பட்டன் காளானின் வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் 'ராமேரியா'வுக்குச் சொந்தக்காரர், துர்நாற்றம் வீசும் ஸ்டிங்க்ஹார்ன்!

எங்கே வளரும்?

ராமேரியாவில் பல இனங்கள் ஓக், பைன் போன்ற மரங்களின் வேர்களோடு கூட்டு வைத்திருப்பவை. மரத்துக்கு நீரும் தாதுக்களும், பூஞ்சைக்குச் சர்க்கரையும். அதனால் இமயமலையும் வடகிழக்கும் இவற்றுக்குத் தோதான இடம். 'ஆர்ட்டோமைசீஸ்' போன்றவை விழுந்த கட்டையை மட்கவைத்தே வாழ்கின்றன. அதாவது, 'சுத்தம் செய்கிறோம்' என்று சருகை எரித்து, கட்டையை அகற்றினால் இவற்றின் வீடும் சாப்பாடும் சேர்ந்தே போய்விடும். நட்ட மரக்கன்றுகளை எக்செலில் எண்ணிவிடலாம். மண்ணுக்குள் இருக்கும் இழைக்கு அந்த ஷீட்டில் ஒரு காலம்கூட இருப்பதில்லை.

பறித்துச் சமைக்கலாமா?

வேண்டாம். இமயமலைப் பகுதிகளில் சில வகைகளைச் சாப்பிடுகிறார்கள். தலைமுறைகளாகப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். 'ராமேரியா ஃபார்மோசா' வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சிவப்பாக இருக்கும் 'பாய்சன் ஃபயர் கோரல்' ஜப்பானிலும் கொரியாவிலும் உயிர்களைப் பறித்திருக்கிறது. இது உண்மையில் வேறு பிரிவைச் சேர்ந்த பூஞ்சை, உருவம்தான் பவளம். 2019-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் அருகிலும் இதைக் கண்டார்கள்.

போட்டோ மட்டும் எடுங்கள். நிற்பது மண்ணிலா கட்டையிலா, பக்கத்தில் என்ன மரம் என்பதும் படத்தில் வரட்டும். வடிவத்தை வைத்து மட்டும் இனத்தைச் சொல்ல நிபுணர்களாலும் முடியாது.