ஆன்டிரைனம் மலர்: விதை முதல் விற்பனை வரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் மலர்ச் சாகுபடி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. எனினும், நம் பகுதியில் பூ என்றாலே அது பெரும்பாலும் உதிரிப்பூவாகும். மல்லிகையும் முல்லையும் செவ்வந்தியும் ஸ்ரீரங்கத்துச் சந்தையில் நிறுத்து விற்கப்படுகின்றன; பின்னர் வாழைநாரில் தொடுக்கப்பட்டுக் கோயிலுக்கும் கூந்தலுக்கும் செல்லுகின்றன. தண்டோடு கொய்து எண்ணி விற்கும் கொய்மலர் இதனின்றும் வேறானது. திருமண மேடை அலங்கரிப்போரும் பூச்செண்டு கட்டுவோருமே அதனை வாங்குவர். அவ்வகையில் ஒன்றாகிய ஆன்டிரைனத்தை நம் அங்கத்தினர்கள் பயிரிடலாமா, பயிரிடின் எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மத்திய தரைக்கடற் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை ஆங்கிலேயர் 'ஸ்னாப் டிராகன்' என்பர். பூவின் இருபுறமும் விரலால் அழுத்தினால் வாய் திறப்பது போல் விரிவதே அப்பெயருக்குக் காரணம். இரவில் 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர் இருப்பின் தண்டு நீண்டு வலுக்கும். திருச்சியிலோ மார்கழி, தை இரவுகளிலும் ஏறத்தாழ 20 டிகிரி வெப்பம் உள்ளது. ஆகவே, மலைநாட்டில் விளையும் நீளத்தை இங்கு எதிர்பார்த்தல் கூடாது. பனிக்காலம் ஒன்றே நமக்குரிய பருவம் என்பதையும் மறத்தல் ஆகாது.

விதை வாங்குவதில் முதற் கவனம் வேண்டும். கொய்மலருக்குரிய ரகங்களை வணிகர்கள் நான்கு தொகுதிகளாகப் பிரிப்பர். முதலிரண்டும் குளிரும் மங்கிய ஒளியும் உள்ள நாடுகளுக்கு உரியவை. மூன்றும் நான்கும் வெப்பத்தையும் மிகுந்த ஒளியையும் தாங்குபவை. நமக்கு ஏற்றவை பின்னவையே. கலப்பின விதையின் விலை அதிகம் என்று கருதி, அதன் செடியிலிருந்தே விதை சேர்த்து மறுமுறை விதைப்பது நஷ்டத்தையே தரும். சிவப்பையும் வெள்ளையையும் கலந்து உண்டாக்கிய இளஞ்சிவப்புச் செடியின் விதையை விதைத்தால், நான்கில் ஒரு பங்கு சிவப்பும், இரு பங்கு இளஞ்சிவப்பும், ஒரு பங்கு வெள்ளையுமாகப் பிரியும். ஒரே நிறம் கேட்கும் வியாபாரிக்கு அப்பூ உதவாது.

ஒரு கிராமில் ஏறத்தாழ 6,000 விதைகள் இருக்கும். ஒரு சென்ட் நிலத்தில் நடைபாதை நீங்கலாக, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 1,000 செடிகள் நிற்கும். முளைக்காதவற்றையும் அழுகுபவற்றையும் கணக்கிட்டாலும் அரை கிராம் விதை போதுமானது. ஆதலின், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்காமல் சங்கத்தின் வாயிலாக ஒன்றாகத் தருவித்துப் பகிர்ந்து கொள்வதே சிக்கனமாகும்.

புரட்டாசிக் கடைசியில் விதைத்தால், 14 முதல் 16 வாரங்களில், அதாவது தை, மாசி முகூர்த்தங்களில் பூ கைக்கு வரும். மார்கழியில் திருமணங்கள் இல்லாமையால் அதற்கு முன் பூப்பதில் பயனில்லை. மழைக்குக் கூரையிட்ட இடத்தில், நன்கு சலித்த மக்கிய தென்னைநார்க் கழிவைத் தட்டுகளில் பரப்பி, விதையை மேலாகத் தூவுதல் வேண்டும். இவ்விதை முளைக்க ஒளி தேவைப்படுவதால் மண்ணிட்டு மூடலாகாது. மேலிருந்து நீர் தெளித்தால் விதை அடித்துச் செல்லப்படும். எனவே, தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்க. ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளை தோன்றும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோய் வரும்.

ஐந்தாறு வாரங்களில் நாற்றை வடிகால் உள்ள மேட்டுப்பாத்தியில் நடலாம். நம் மாவட்டத்தில் களர் நிலங்களும் இருத்தலின், நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் ஆலோசனை பெற்று, மண்ணைப் பரிசோதித்துக் கொள்வது நலம். நுனியைக் கிள்ளினால் செடிக்கு மூன்று நான்கு தண்டுகள் கிடைக்கும். ஆனால் பூப்பு மூன்று வாரங்களுக்கு மேல் தாமதப்படும். கிள்ளாவிடில் ஒரே தண்டு, முன்னதாகவே வரும். தண்டு சாயாதிருக்கப் பாத்தியின் மீது 15 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை கட்டல் அவசியம். நெசவாள அங்கத்தினர்கள் முறுக்கு நூற்கயிற்றால் இதனை முடைந்து கொடுக்கலாம். இலையின் அடியில் பழுப்புக் கொப்புளங்கள் தோன்றுவது துரு நோயின் அடையாளம். இலை நனையாமல் வேரில் நீர் பாய்ச்சுவதே அதற்கு முதற் காப்பு.

கதிரின் அடியிலுள்ள மூன்றிலொரு பங்கு பூக்கள் விரிந்தவுடன், காலைக் குளிர்ச்சியில் கொய்து நீரில் நிறுத்துக. தாமதித்தால் தேனீக்கள் மகரந்தம் சேர்க்க, பூக்கள் விரைவில் உதிரும். தண்டைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளையும். வளைந்த தண்டு விலை போகாது. வாழை விளையும் நம் நாட்டில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு பட்டால் இம்மலர்கள் கொத்தாக உதிர்ந்துவிடும். ஆகையால், வாழைப்பழத்தோடு ஒரே வண்டியில் இப்பூவை ஏற்றுதல் கூடாது.

இறுதியாக, விற்பனை. மல்லிகை எந்நாளும் சந்தையில் ஏதேனும் ஒரு விலைக்குப் போகும். ஆன்டிரைனத்தை நிறுத்து வாங்குவோர் இலர். வாங்குவோர் இன்றி விளைந்தால் அது குப்பைக்கே செல்லும். எனவே, மேடை அலங்கரிப்போரிடம் எந்த நிறம், எத்தனை தண்டு, எந்த வாரம் என்று முன்கூட்டியே பேசி, அதன்பின் விதைப்பதே முறை. பத்துப் பேர் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் பூ குவிந்து விலை சரியும். இரு வார இடைவெளியில் முறைவைத்து விதைத்தால் வரத்து சீராக இருக்கும். இம்முறையைத் தனி விவசாயியால் நடத்தல் அரிது; சங்கத்தால் எளிது. முதலாண்டில் ஒருவர் ஒரு சென்ட்டுக்கு மேல் பயிரிட வேண்டாம்; அதற்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். விதை, வலை, கூலி, வண்டி ஆகிய செலவுகளையும் விற்ற தண்டுகளின் எண்ணிக்கையையும் குறித்து வைத்து, மாசி முடிந்தபின் சங்கக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். அக்கணக்கைக் கொண்டே அடுத்த ஆண்டு இப்பயிரை விரிப்பதா, விடுப்பதா என்று முடிவு செய்தல் தகும்.