தொப்பை மாண்டலின் வாங்கலையோ!

மாண்டலின் என்றதும் நமக்கெல்லாம் யு. ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். 2014-ல் மறைந்த அந்த மேதை வாசித்தது தட்டையான எலெக்ட்ரிக் மாண்டலின்; தந்தி ஐந்தே ஐந்து. நான் சொல்லப்போவது அதன் ஜெர்மன் ஒன்றுவிட்ட அண்ணன் பற்றி. திருப்பிப் பார்த்தால் வீணைக் குடம் மாதிரி தொப்பை! மெல்லிய மரப்பட்டைகளைச் சூடு காட்டி வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்கிறார்கள். தந்தி எட்டு, ஜோடி ஜோடியாக. சுருதி வயலினுக்கு உள்ளதேதான் - ஜி, டி, ஏ, ஈ.

எனக்கு வாசிக்கத் தெரியாது சார். படித்தது பி.காம். ஆனால் கேட்கப் பிடிக்கும். கணக்குப் பார்க்கவும் வரும். கையால் செய்த நல்ல ஜெர்மன் மாண்டலின் பல ஆயிரம் யூரோ. அவ்வளவு பணத்தைக் கொட்டி வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குகிறான்? அதைத்தான் துருவ ஆரம்பித்தேன்.

'எந்த மரம்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைப்போம். கிடையாது. 'எந்த நாதம்?' என்பதுதான்!

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின் பளிச்சென்று, வெண்கல மணி மாதிரி பேசும். ஜெர்மனியில் கொலோன் இசைக் கல்லூரிப் பேராசிரியை மார்கா வில்டன்-ஹ்யூஸ்கனுக்கு அந்தப் பளபளப்பு போதவில்லை. ரைன்ஹோல்ட் ஸைஃபெர்ட் என்ற வாத்தியக் கலைஞரோடு சேர்ந்து வேறொரு வடிவத்துக்கு வழி செய்தார். தொப்பை கொஞ்சம் பெரிசு, கழுத்து கொஞ்சம் அகலம். தந்தி மேல் சுற்றிய கம்பியும் தட்டை. அதனால் விரல் நகரும்போது 'க்ரீச்' அடங்கிவிடும். மீட்டுவதற்குத் தடிமனான, மெத்தென்ற பிக். விளைவு? உருண்டு திரண்ட, கிடாரை நெருங்குகிற குரல்.

ஐந்தொகை போட்டால், வரவுப் பக்கம் இனிமை. பற்றுப் பக்கம் பளபளப்பு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் முழுசாகக் கிடைக்காது.

அடுத்த கேள்வி: யாரோடு வாசிக்கப் போறீங்க? ஜெர்மனியில் 'ட்ஸுப்ஃஓர்கெஸ்டர்' என்று ஒரு சங்கதி உண்டு. மாண்டலின், மாண்டோலா, கிடார், டபுள் பேஸ் எல்லாம் சேர்ந்த மீட்டு வாத்தியக் குழு. பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை என்று போகிறவர்கள் இதில் ஏராளம். 2023-க்கான 'ஆண்டின் வாத்தியம்' என்று அங்கே மாண்டலினைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாடினார்கள் என்றால் பாருங்களேன்! இந்தக் குழுவில் பத்துப் பேர் உருண்டையாக வாசிக்கும்போது, ஒருத்தர் மட்டும் நேப்பிள்ஸ் மணியை ஆட்டினால்? கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் டம்ளர் விழுந்த கதைதான்! தனியாக வாசிக்க பீத்தோவன் (1796), ஹும்மல் (1799) எழுதிய உருப்படிகளே இருக்கின்றன. அங்கே உங்கள் காதுதான் ராஜா.

சரி, கடைக்குப் போயாச்சு. என்ன பார்க்கணும்?

ஒன்று: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு ஒரு தரம், அழுத்தி ஒரு தரம் மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக வரணும். வரவில்லையா? 'ஏன்?' என்று கேளுங்கள். சில சமயம் குதிரையைக் கொஞ்சம் நகர்த்தினாலே சரியாகும்.

இரண்டு: எல்லா ஃப்ரெட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். எங்கேயாவது வண்டு ரீங்காரம் கேட்டால் உஷார்!

மூன்று: சத்தமாக வாசித்து மயங்காதீர்கள். ரொம்ப மெதுவாக வாசியுங்கள். அப்போதும் நாதம் உயிரோடு இருக்கிறதா?

நான்கு: வேறொருத்தரை வாசிக்கச் சொல்லி அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள். மடியில் கேட்கிற நாதம் வேறு, கடைசி வரிசைக்குப் போகிற நாதம் வேறு.

ஐந்து: தொப்பையில் பட்டைகள் அதிகமாக இருந்தால் உழைப்பு அதிகம், அழகும் உண்டு. அதனாலேயே நாதம் உசத்தி என்று அர்த்தமில்லை. பட்டைக்குப் பட்டை காசு கொடுக்கிறவர்கள் இதை இரண்டு தரம் படிக்கவும்!

வாங்கிய பிறகும் செலவு உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்று காய்ந்துபோனால், மேல்பலகை வெடிக்கும். அறையின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை மாதிரிதான்!

கடைசியாக ஒன்று. தொப்பை உருண்டை அல்லவா? மடியில் நிற்காது, வழுக்கும். அதனால் மடியில் ஒரு துண்டு மெல்லிய தோலோ, ரப்பர் துணியோ விரித்துக்கொள்வார்கள். பல ஆயிரம் யூரோ சாமான் தரையில் விழாமல் காப்பாற்றுவது அந்தத் துண்டுதான். பட்ஜெட்டில் அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்!