விரைவை வென்ற நிதானம்: விம்பிள்டன் 1975

இலண்டன் மாநகரின் தென்மேற்கே அமைந்துள்ள விம்பிள்டனில் 1877ஆம் ஆண்டில் தொடங்கிய டென்னிஸ் போட்டி, உலகில் உள்ளவற்றுள் மிகப் பழைமையானது. புல்தரையில் ஆடப்படுவது அதன் தனிச்சிறப்பு. புல்லில் விழும் பந்து உயர எழும்பாது; வழுக்கித் தாழ்வாகவே ஓடும். இதனை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், 1975ஆம் ஆண்டு ஆடவர் இறுதியாட்டத்தில் நிகழ்ந்தது யாதென்பது எளிதில் விளங்கும்.

அவ்வாட்டத்தில் எதிர்நின்ற இருவரும் அமெரிக்கர். ஜிம்மி கானர்ஸ் 22 வயது இளைஞர். முந்திய ஆண்டின் வெற்றி வீரர். இறுதியாட்டம் வரை ஒரு செட்டையும் இழவாதவர். மற்றவரான ஆர்தர் ஆஷ் கறுப்பினத்தவர். 32 வயதை எட்ட ஐந்து நாள்களே இருந்தன. அதற்கு முன் அவர் கானர்ஸை ஒருமுறையேனும் வென்றாரில்லை. ஆஷ் தோற்பது உறுதி என்றே பலரும் எண்ணினர்.

ஆஷ் பிறந்த ரிச்மண்ட் நகரில் அக்காலத்தே நிறவேற்றுமை சட்டமாகவே இருந்தது. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடலின் காவலர் அவருடைய தந்தையார். திடலுக்குள்ளேயே வீடு; வாயிற்படியை அடுத்து டென்னிஸ் தளம். ஆறு வயதில் தாயை இழந்த சிறுவன் அங்கேதான் மட்டையைப் பிடிக்கக் கற்றான். நகரின் பெரிய பூங்காவில் இருந்த நல்ல தளங்களிலோ அவனுக்கு இடமில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற பின்னரும், நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்கா அவருக்கு நுழைவு அனுமதி மறுத்தது; 1973இல்தான் அங்குச் சென்று ஆட முடிந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். வேகமாக வரும் பந்தை அதனினும் வேகமாகத் திருப்பி அடிப்பதே கானர்ஸின் வலிமை. எதிராளியின் விரைவே அவருக்கு உணவு. அவ்வுணவை அளிக்கலாகாது என்று ஆஷ் முடிவு செய்தார். இயல்பில் அவரும் ஓங்கி அடிப்பவரே; அன்று அவ்வழக்கத்தை விட்டு, மெதுவான பந்துகளைத் தாழ்வாக அனுப்பினார். புல்தரையில் அவை எழும்பாமையால் கானர்ஸ் குனிந்து தூக்க வேண்டியிருந்தது. பல வலையில் விழுந்தன. அவர் வலையருகே வந்தபோது, தலைக்கு மேலாகப் பந்தை உயர்த்தி விட்டார்.

இன்னொன்றும் உண்டு. கானர்ஸ் இடக்கையர், வலப்புறம் வரும் பந்தை இரு கைகளாலும் பிடித்தே அடிப்பார். இரு கைகளால் அடிப்பவருக்கு எட்டும் தொலைவு குறையும். (பூப்பந்து மட்டையை இரு கைகளாலும் பிடித்து எட்டிப் பார்ப்பவர் இதனை உடனே உணரலாம்.) ஆகவே ஆஷ், தொடக்க அடிகளைத் தளத்தின் ஓரத்துக்கு வளைத்து அனுப்பினார்.

முதலிரு செட்டுகள் 6-1, 6-1 என ஆஷுக்குச் சென்றன. மூன்றாவதைக் கானர்ஸ் 7-5 என வென்றார். நான்காவதிலும் 3-0 என முந்தினார். நம்மில் பெரும்பாலோர் அந்நிலையில் பழைய வழக்கத்துக்கே திரும்பியிருப்போம். ஆஷ் திரும்பவில்லை. இடைவேளைகளில் நாற்காலியில் கண்களை மூடி அமைதியாக அமர்ந்திருந்தார்; எழுந்து அதே மெதுவான பந்துகளையே அனுப்பினார். இறுதியில் அச்செட்டை 6-4 எனக் கைப்பற்றினார்.

மகளிர் பிரிவில் 1957ஆம் ஆண்டிலேயே ஆல்தியா கிப்ஸன் எனும் கறுப்பின வீராங்கனை விம்பிள்டனில் வாகை சூடியிருந்தார். ஆடவர் ஒற்றையரில் அப்பேறு பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆஷ். 1993இல் அவர் மறைந்தார். 1997இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட பெரிய டென்னிஸ் அரங்கத்துக்கு, அந்தத் திடற்காவலர் மகனின் பெயரே சூட்டப்பட்டது.