போட்டோவைக் காட்டினால் ஊரைச் சொல்லும் இயந்திரம்! தெரியுமா?

படத்தில் பெயர்ப்பலகை இல்லை. கோயில் கோபுரம் இல்லை. ஒரு தார்ச்சாலை, நாலு மரம், ஒரு மின்கம்பம், அவ்வளவுதான்! இதை வைத்தே ‘இது இந்த நாடு, இந்த வட்டாரம்’ என்று கணினி சொல்லிவிடுகிறது. நம்ப முடிகிறதா? மேலே படியுங்கள்!

60 லட்சம் படங்கள்!

இந்த வேலை எப்போது சூடுபிடித்தது தெரியுமா? 2008இல்! அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேஸ், அலெக்ஸி எஃப்ராஸ் இருவரும் இணையத்திலிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டினார்கள். புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், இந்தக் குவியலில் அதன் சாயல் உள்ள படங்களைக் கணினி தேடிப்பிடிக்கும். அவை எடுக்கப்பட்ட ஊர்தான் விடை! குருட்டாம்போக்கில் சொல்வதைவிட 30 மடங்கு வரை சரியாகச் சொன்னதாம்!

பூமியை 26,263 துண்டாக்கிய கூகுள்!

2016இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘பிளாநெட்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதற்காகத் திரட்டிய படங்கள் எத்தனை? 12 கோடியே 60 லட்சம்! உலக வரைபடத்தை 26,263 கட்டங்களாக வெட்டினார்கள். போட்டோக்கள் குவியும் நகரங்களில் குட்டிக் கட்டம், ஆளில்லாத காட்டில் பெரிய கட்டம். நடுக்கடலுக்கோ கட்டமே கிடையாது!

அப்புறம் 23 லட்சம் புதிய படங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். அதில் 3.6 சதவீதப் படங்களுக்குத் தெரு அளவுக்குத் துல்லியமான விடை! கேட்கக் கொஞ்சமாக இருக்கிறதா? கணக்குப் போட்டால் 80 ஆயிரம் படங்களைத் தாண்டுகிறது! இத்தனைக்கும் இந்த மென்பொருளின் அளவு வெறும் 377 எம்பி!

நார்வேயா, நியூசிலாந்தா?

ஈஃபில் கோபுரத்தைக் காட்டினால் ‘பாரிஸ்’ என்று பட்டென்று சொல்லிவிடும். ஆனால், இரு பக்கமும் மலை, நடுவே கடல்நீர் புகுந்த ஒரு காட்சியைக் காட்டினார்கள். பிளாநெட் திணறிவிட்டது! நார்வேயாகவும் இருக்கலாம், நியூசிலாந்தாகவும் இருக்கலாம் என்றது. இரண்டும் உலகின் எதிரெதிர்க் கோடியில் அல்லவா இருக்கின்றன?!

ஊர் சுற்றிகளே தோற்றார்கள்!

சாலைக் காட்சியைப் பார்த்து இடத்தைச் சொல்லும் ‘ஜியோகெஸ்ஸர்’ விளையாட்டு தெரியுமா? பல நாடுகள் சுற்றிய 10 பேரை அதில் பிளாநெட்டோடு மோதவிட்டார்கள். 50 சுற்றுகளில் 28 இயந்திரத்துக்கு! மனிதர்களின் இடைநிலைப் பிழை சுமார் 2,321 கிலோமீட்டர். இயந்திரத்துக்கு 1,132 கிலோமீட்டர்தான்! பாதிக்கும் குறைவு!

மூன்று மாணவர்கள் செய்த மாயம்!

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் ‘பிஜன்’ என்ற மென்பொருளைச் செய்தார்கள். படிக்கக் கொடுத்தது 1 லட்சம் இடங்கள், இடத்துக்கு 4 படங்கள். நாட்டைச் சரியாகச் சொன்னது எத்தனை முறை? சுமார் 92 சதவீதம்! 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட விடைகள் உண்மையான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள்! ஜியோகெஸ்ஸரின் நட்சத்திர ஆட்டக்காரர் டிரெவர் ரெயின்போல்ட்டுடன் 6 ஆட்டத் தொடர். வென்றது யார்? பிஜன்தான்!

கறுப்பு டேப் காட்டிக்கொடுக்கும்!

பிஜன் எதைத்தான் பார்க்கிறது? செடிகொடி, சாலைக் கோடு, கம்பம், பலகை! கைதேர்ந்த ஆட்டக்காரர்களோ இந்தச் சாலைக் காட்சிகளைப் படமெடுக்கும் கூகுள் வண்டியையே துப்பாக எடுத்துக்கொள்வார்கள். வண்டியின் மேல் கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறதா? கானா! வண்டியோரம் காற்றுக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? கென்யா! பலகையில் தமிழோடு சிங்களமும் இருந்தால்? அட, அது உங்களுக்கே தெரியுமே, இலங்கை!

போட்டோவே உளவாளி!

செல்போன் எடுக்கும் படத்துக்குள் ஜிபிஎஸ் எண்கள் ஒளிந்திருக்கலாம், தெரியுமா? இயந்திரம் பாடம் படிக்க இவைதான் விடைத்தாள்! 2012 டிசம்பரில், பெலீஸ் போலீஸ் தேடிய ஜான் மெக்காஃபியின் படம் ஒன்று இணையத்தில் வெளியானது. ஆம், வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் பெயர் கொடுத்த அதே மெக்காஃபி! படத்துக்குள் இருந்த எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதை ஊருக்கே சொல்லிவிட்டன! எண்களை அழித்துவிட்டால் தப்பிக்கலாமா? அங்கேதான் பிளாநெட்டும் பிஜனும் வருகின்றன. அவற்றுக்குப் படம் மட்டும் போதும்!

திரைச்சீலையும் சாட்சி சொல்லும்!

ஆள் கடத்தல் கும்பல்கள் தங்களிடம் சிக்கியவர்களை ஹோட்டல் அறைகளில் வைத்துப் படம் எடுக்கின்றன. அது எந்த ஹோட்டல்? கண்டுபிடிக்க அமெரிக்க ஆய்வாளர்கள் 50,000 ஹோட்டல்களின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்தார்கள். கட்டில் தலைமாடு, கம்பளம், திரைச்சீலை எல்லாமே துப்பு! 2016இல் வந்த ‘டிராஃபிக்கேம்’ செயலியில், தங்கும் அறையைப் பயணிகளே படமெடுத்து அனுப்பி உதவலாம்!

பூட்டி வைத்துவிட்டார்களே!

இவ்வளவு கெட்டிக்கார பிஜனை நாமும் இறக்கிப் பார்க்கலாமா? முடியாது! பின்தொடர்ந்து தொல்லை தருபவர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும்? அதனால் பயிற்சி முடிந்த மென்பொருளைப் பொதுவில் விடாமல் நிறுத்திக்கொண்டார்கள், அதைச் செய்த அந்த மாணவர்களே!