ரசீதுல 720 சதுர அடி, வீட்ல 1,360: சொத்து வரியை எப்பவாவது படிச்சுப் பார்த்திருக்கீங்களா?

போன பொங்கலுக்குத் திண்டிவனம் போயிருந்தேன். நம்ம ஆபீஸ் இருக்கிறது விழுப்புரத்துல, அப்பா அம்மா இருக்கிறது திண்டிவனத்துல. நடுவுல முக்கால் மணி நேர பஸ் பயணம்தான். ஆனாலும் பண்டிகைக்குத்தான் போக முடியுது. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம் அப்பா ஒரு மஞ்சப்பையைக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சாரு. உள்ள பத்திரம், பட்டா, இ.பி. கார்டு, 2004-லிருந்து கட்டின எல்லா வீட்டு வரி ரசீதும். ஒண்ணு விடல. அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர், துண்டுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துறது அவருக்குக் கைவந்த கலை.

எதுக்கு இந்தப் பை? தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டை வச்சு ஒரு கடன் கேட்டிருந்தார். வங்கி அனுப்பின வேல்யுயர் வந்து அளந்துட்டுப் போயிட்டாரு. அவர் ரிப்போர்ட்ல கட்டடம் 1,360 சதுர அடி. அப்பா கொடுத்த வரி ரசீதுல 720 சதுர அடி. வங்கியோட வக்கீல், "இதைச் சரி பண்ணிட்டு வாங்க"ன்னு ஒரே வரியில எழுதி ஃபைலைத் திருப்பிட்டாரு. கல்யாணம் ஆவணியில.

தப்பு எங்க பக்கம்தான். 720 சதுர அடி கீழ்த்தளம், 2004-ல கட்டினது. மாடி 640 சதுர அடி, 2013-ல கட்டி வாடகைக்கு விட்டது. பிளான் அப்ரூவல் முறையா வாங்கித்தான் கட்டினாரு. வரி மட்டும் மாத்தல. கேட்டா, "பிளான் பாஸ் பண்ணதும் அதே ஆபீஸ்தானேடா, அவங்களே ஏத்திக்குவாங்கன்னு இருந்துட்டேன். யாரும் கேட்கல, நானும் சொல்லல"ன்னாரு.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வெளியிலிருந்து பார்த்தா நகராட்சி ஒரே ஆபீஸ். உள்ள, பிளான் பார்க்கிறது நகரமைப்புப் பிரிவு, வரி போடுறது வருவாய்ப் பிரிவு. கட்டி முடிச்சாச்சுன்னு தெரிவிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. கீழ்த்தளத்தோட பழைய வரியைக் கட்டிட்டே இருந்தா மாடி வரிவிதிப்புக்குள்ள வந்ததா அர்த்தம் ஆகாது.

"நான் சென்னையில பி.ஜி.ல இருக்கேன், எனக்கு எதுக்கு சொத்து வரி"ன்னு நினைக்கிறீங்களா? நாளைக்கு வீட்டுக் கடனோ, படிப்புக் கடனுக்கு அடமானமோ, பாகப்பிரிவினையோ வரும்போது இந்த மஞ்சப்பை உங்க கைக்குத்தான் வரும்.

அந்த எண் எங்கிருந்து வருது

உங்க வீட்டுக்கு ஒரு வரி விதிப்பு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே வரிவிதிப்புப் பதிவேட்டுல நாலஞ்சு விவரம் இருக்கும்: எந்தத் தெரு, அந்தத் தெரு எந்த மண்டலம், கட்டடப் பரப்பு எவ்வளவு, கான்கிரீட்டா ஓடா கூரையா, குடியிருப்பா கடையா, எத்தனை வருஷப் பழசு. இதை வச்சுத்தான் வீட்டோட ஆண்டு மதிப்பு வரும், அதுலிருந்து அரையாண்டு வரி. "இந்த வீட்டை வாடகைக்கு விட்டா நியாயமா எவ்வளவு வரும்" என்கிறதுதான் இதோட வேர். 1920-ல வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே அந்த யோசனை இருக்கு. அந்தச் சட்டம் நூறு வருஷம் ஓடி, 2023 ஏப்ரல் 13-லதான் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அதோட இடத்துக்கு வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, புதுச் சட்டத்தோட பேர்ல இருக்கிற வருஷம் 1998.

இந்த விவரங்களை நேர்ல வந்து எடுக்கிறது பில் கலெக்டரும் வருவாய் ஆய்வாளரும். ஆணையர் பேர்லதான் உத்தரவு வரும், ஆனா டேப் பிடிக்கிறது இவங்க. விழுப்புரம் நகராட்சியில 42 வார்டு, திண்டிவனத்துல 33 வார்டு. ஒவ்வொரு வார்டுலயும் எப்பவும் யாராவது ஒருத்தர் மாடி எடுத்துட்டு இருப்பாங்க, கார் ஷெட்டை மளிகைக் கடையா மாத்திட்டு இருப்பாங்க. அவ்வளவையும் கண்ணால பார்த்துப் பதிவேட்டுல ஏத்தணும். அதுக்கு நடுவுல வசூல் இலக்கு, குடிநீர்க் கட்டணம், தேர்தல் வேலை. அந்த நாற்காலியில நான் உட்கார்ந்திருந்தாலும் சில வீடுகள் தப்பிப் போயிருக்கும்.

இப்ப 2022-க்கு வருவோம். அந்த வருஷம் மார்ச் கடைசியில சொத்து வரி உயர்வு அரசாணை வந்தது ஞாபகம் இருக்கா? நகராட்சிகள்ல குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25%, 601-லிருந்து 1,200 வரை 50%, 1,201-லிருந்து 1,800 வரை 75%, அதுக்கு மேல 100%. கால், அரை, முக்கால், முழுசுன்னு வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி நகராட்சிகள்ல பொதுச் சீராய்வு நடந்தது 2008-ல. நடுவுல 2018-ல ஒரு உயர்வு அறிவிச்சு, 2019 நவம்பர்ல நிறுத்தி வச்சாங்க. 2022-ல ஏன் திரும்ப வேகமா வந்துச்சு? 15-வது நிதி ஆணையம் நகராட்சிகளுக்கு மானியம் தர ஒரு நிபந்தனை போட்டிருந்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்கணும், மாநிலத்தோட பொருளாதார வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி வசூலும் வளரணும். அதனால இது இனி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற விஷயமா இருக்காது. 2024-ல சென்னை மாநகராட்சி 6% உயர்வைத் தீர்மானமா நிறைவேத்தினதைச் செய்தியில பார்த்திருப்பீங்க.

இந்த அரசாணையில நான் கோடு போட்டு வச்சிருக்கிற இடம் ஒண்ணு உண்டு. உயர்வு, ஏற்கெனவே கட்டிட்டு இருந்த வரி மேல சதவீதமா வந்தது. அப்போ பழைய வரி தப்பான அளவுல போட்டதா இருந்தா, உயர்வும் அந்தத் தப்பு மேலேயே ஏறும்.

என்கிட்ட வந்த ஒருத்தரோட கதை. ஊர் பேர் வேண்டாம். வீடு 1,150 சதுர அடி. பதிவேட்டுல யாரோ எழுதும்போது 1,250 ஆயிடுச்சு. ஒரே ஒரு இலக்கம். கணக்குக்கு வசதியா, சரியான அளவுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். தப்பான அளவால அது 1,087 ஆகுது. 87 ரூபாய்க்கு யார் சண்டை போடுவாங்க? அவரும் போடல. 2022-ல 1,150-க்கு 50% ஏறினா 1,500. ஆனா 1,250 அடுத்த படியில விழுது, 75%. 1,087 போய் 1,902 ஆச்சு. மேல ஒரு 6% வந்தா 1,590-க்குப் பதிலா 2,016. வருஷத்துக்கு 850 ரூபாய் கூடுதல், இனி வர்ற ஒவ்வொரு உயர்வும் அதுக்கு மேல.

850 ரூபாய்க்கு ஒரு நாள் லீவு போட்டு அலையணுமான்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்விதான். ஒரு தடவை அலைஞ்சா போதும், வீடு இருக்கிற வரைக்கும் பலன்னு நான் சொல்வேன். அவர் ஆணையருக்கு மனு கொடுத்து, வரைபடத்தோட நகலை வச்சு, மறு அளவீடு கேட்டாரு. திருத்திக் கொடுத்துட்டாங்க. அங்க முடியலைன்னா வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு, கவுன்சிலர்கள் உட்கார்றது. மனு நிலுவையில இருக்குன்னு வரியை நிறுத்தாதீங்க. நாளைக்குத் தோத்துட்டா தாமதத்துக்கு மாசம் 1% வட்டி ஏறி நிக்கும்.

டல்லஸ்ல இருக்கிற என் காலேஜ் நண்பன் இதைக் கேட்டுச் சிரிச்சான். டெக்சஸ்ல வருஷா வருஷம் வீட்டோட சந்தை மதிப்பைப் போட்டு நோட்டீஸ் வருமாம். பிடிக்கலைன்னா மே 15-க்குள்ள ஆட்சேபம் கொடுக்கலாம், நோட்டீஸ் லேட்டா வந்தா அதுலிருந்து 30 நாள். அங்க அது ஒரு வருஷாந்திரச் சடங்கு. இங்க நாம பதிவேட்டுல என்ன இருக்குன்னே பார்க்கிறதில்ல. நகராட்சிகளுக்கான டி.என். அர்பன் இ-பே தளத்துல வரி விதிப்பு எண்ணைப் போட்டு உங்க வீட்டுக் கணக்கைப் பாருங்க, பழைய ரசீதோட ஒப்பிடுங்க.

திண்டிவனத்துக்குத் திரும்புவோம்

அப்பாவுக்குப் பயம். "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிறோமோ? பதிமூணு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டா?" இதுக்கு நடுவுல டீக்கடையில ஒருத்தர், "ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு, ஒரு தொகை கொடுத்தா மாடியை ஷீட் போட்டதா காட்டி முடிச்சுடலாம்"னு சொல்லியிருக்காரு. அப்பா என் முகத்தைப் பார்த்தாரு. அப்பா, வேல்யுயர் ரிப்போர்ட்ல கான்கிரீட் மாடி 640 சதுர அடின்னு போட்டோவோட இருக்கு. பதிவேட்டுல ஷீட்டுன்னு வந்தா வக்கீல் திரும்பவும் ஃபைலைத் தூக்கி எறிவாரு. கொடுத்த காசும் போகும், கடனும் போகும். இதைச் சொன்னதும் அவருக்குப் புரிஞ்சுடுச்சு.

மார்ச்ல போக வேண்டாம்னு நான் தடுத்துட்டேன். நிதியாண்டு முடியுற நேரம், மொத்த வருவாய்ப் பிரிவும் வசூலுக்கு ஓடிட்டு இருக்கும். ஏப்ரல்ல மனு கொடுத்தோம். பத்திர நகல், 2013 பிளான் அப்ரூவல், மாடிக்கு இ.பி. இணைப்பு வாங்கின ரசீது, கடைசியா கட்டின வரி ரசீது. இ.பி. ரசீது ரொம்ப முக்கியம் நண்பர்களே. மாடி எப்ப முடி�்சதுன்னு காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது. ஆய்வாளர் ஒரு காலையில வந்தாரு. அம்மா மோர் கொடுத்தாங்க. நானும் கூடவே நின்னு, அவர் சொன்ன ஒவ்வொரு அளவையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டேன். இதை நீங்களும் கட்டாயம் செய்யணும். அளக்கும்போது பக்கத்துல நிக்கிறதுக்கு எந்த மேல்முறையீடும் ஈடாகாது.

அரையாண்டு வரி 780-லிருந்து 1,720 ஆச்சு. மாடிக்கான பழைய நிலுவை 9,400 ரூபாய். அப்பா ராத்திரி பூரா அம்பதாயிரம், அறுபதாயிரம்னு கணக்குப் போட்டுப் படுத்திருந்தவர், 9,400-ன்னு கேட்டதும் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. ஜூன்ல கட்டினோம். புது ரசீதுல 1,360. வங்கி ஃபைல் நகர ஆரம்பிச்சுது.

இனி சி.ஏ.வா கொஞ்சம் பேசுறேன், வாடகை வருமானம் இருக்கிறவங்க இதைக் கவனிங்க. வாடகைக்கு விட்ட பகுதிக்குக் கட்டின சொத்து வரியை வாடகையிலிருந்து கழிக்கலாம். உரிமையாளரே கட்டியிருக்கணும், அந்த வருஷத்துல கட்டியிருக்கணும். எந்த வருஷத்துக்கான வரிங்கிறது பிரச்சினை இல்ல, பழைய நிலுவையும் கட்டின வருஷத்துல கழியும். 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிற புது வருமான வரிச் சட்டத்துலயும் இந்த அடிப்படை அப்படியேதான்.

மாடி வாடகை மாசம் 6,000, வருஷத்துக்கு 72,000. நிலுவை 9,400, நடப்பு வரியில மாடியோட பங்கு சுமார் 1,600, ஆக 11,000 கழியும். மிச்சம் 61,000. அதுல 30% நிலையான கழிவு 18,300 போக, வரிக்கு உட்படுறது 42,700. சொத்து வரியைக் கழிக்காம விட்டிருந்தா 50,400. 20% படியில இருக்கிற ஒருத்தருக்கு 1,500 ரூபாய்க்கு மேல மிச்சம். தாமத வட்டி இதுல சேராது, வரி மட்டும்தான். நீங்களே குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஒவ்வொரு ஜூலையும் நாலு பேராவது அந்த ரசீதை எனக்கு வாட்ஸப்ல அனுப்புறாங்க.

மனை வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நகராட்சி எல்லைக்குள்ள இருந்தா காலிமனை வரி உண்டு. அதுல வீடு கட்டினதும் காலிமனைக் கணக்கை முடிச்சுட்டுக் கட்டட வரிக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க, இல்லைன்னா ரெண்டு கேட்பும் ஓடிட்டு இருக்கும். வரி ரசீதுல உங்க பேர் இருக்குங்கிறதால சொத்து உங்களுதுன்னு ஆயிடாது, அதுக்குப் பத்திரம்தான். ஆனா தாத்தா பேர்லயே ரசீது வந்துட்டு இருந்தா, வாரிசுச் சான்றிதழ் எடுக்கிற கையோட பெயர் மாற்றத்தையும் முடிச்சுடுங்க. தாமதமாக ஆக, கையெழுத்துப் போட வேண்டியவங்க எண்ணிக்கை கூடிட்டே போகும்.

தங்கச்சி கல்யாணம் ஆவணியில நல்லபடியா முடிஞ்சுது. அரையாண்டு தொடங்கின 30 நாளுக்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரைக்கும். அப்பா அக்டோபர் 4-ம் தேதியே கட்டிட்டாரு. எண்பது ரூபாய் சொச்சம் மிச்சம்னு எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு.