மூக்குக்குத் தெரியாத விஷவாயு

சமையல் காஸ் லேசாகக் கசிந்தால்கூட நமக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பவள்கூட எழுந்து அடுப்படிக்கு ஓடுவாள். இத்தனைக்கும் சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்குச் சொந்த வாசனை எதுவும் கிடையாது. நாம் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று மெர்காப்டன் என்கிற நாற்றப் பொருளைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள். இப்படியே பழகிப் பழகி, விஷவாயு என்றால் நாற்றம் அடிக்கும், கண் எரியும், இருமல் வரும் என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

இவை எதுவும் வராத விஷவாயு ஒன்று நம் வீட்டிலேயே உண்டாகிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. பள்ளிக்கூடத்தில் கரியமில வாயு என்று படித்தோமே, கார்பன் டை ஆக்ஸைடு, அதற்கு இது தங்கை முறை. அக்காவிடம் பிராணவாயு அணு இரண்டு. தங்கையிடம் ஒன்றே ஒன்று. கரியோ, விறகோ, காஸோ, பெட்ரோலோ எரியும்போது வேண்டிய மட்டும் காற்று கிடைத்தால் பெரும்பாலும் அக்கா வருவாள். காற்று போதாமல் திணறி எரிந்தால் தங்கை வந்துவிடுவாள். அவள்தான் ஆபத்தானவள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் குமுட்டி அடுப்பு இருந்தது. ஆனால் அது இருந்த இடம் கொல்லைத் தாழ்வாரம். நாலு பக்கமும் காற்று. அதனால் குமுட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த பிறகுதான் கரி நெருப்பைப் படுக்கும் அறைக்குள் கொண்டு போய் வைப்பதைப் பார்த்தேன். இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ராத்திரி கை கால் விறைத்துப் போகும். ஒரு இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, வாசலில் வைத்துப் புகையெல்லாம் அடங்கும் வரை மூட்டி, தணல் சிவந்ததும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலடியில் வைப்பார்கள். இதற்குக் கணப்பு என்று பேர். "புகைதான் போயிடுச்சே, இனி ஒண்ணும் பண்ணாது" என்பார்கள்.

இந்தப் பேச்சில்தான் கோளாறு இருக்கிறது. விறகு புகைந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாமே கதவைத் திறந்துவிடுவோம். புகை நமக்குச் செய்கிற உபகாரம் அது. கரித் தணலில் அந்த எச்சரிக்கை இல்லை. சட்டியின் அடியில் உண்டாகும் கரியமில வாயு மேலே சிவந்திருக்கும் கரி வழியாக ஏறும்போது, கார்பன் மோனாக்ஸைடாக மாறி வெளியே வருகிறது. நன்றாகப் பிடித்த தணலின் மேல் சில சமயம் நீலமாக ஒரு சுடர் ஓடுமே, கவனித்திருக்கிறீர்களா? அது இந்த வாயு எரிவதுதான். சுடர் இல்லாதபோது வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் பரவுகிறது. மேலே சாம்பல் பூத்து, அணைந்த மாதிரி தெரிகிற தணலும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். காற்றின் எடையும் இதன் எடையும் ஏறக்குறைய ஒன்று என்பதால் மேலேயோ கீழேயோ தங்காமல் அறை முழுக்கக் கலந்துவிடும். தரையில் பாய் போட்டுப் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் ஒன்றுதான்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதியில் தங்கியவர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்கியதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கரி அடுப்பு ஒரு வேடிக்கை. வேடிக்கை முடிந்ததும் அதை வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும் என்று பாவம், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

உள்ளூர்க்காரர்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். எங்கள் லைனில் கடைசி வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். சில வருஷங்களுக்கு முன்பு, ஜனவரி மாதம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் பட்டால் ஜன்னி வரும் என்று பாட்டியம்மாவுக்குப் பயம். ஜன்னலைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் கோணிச் சாக்கைச் செருகி, உள்ளே கணப்பு வைத்துவிட்டார். அம்மா, பெண், குழந்தை, பாட்டி நாலு பேரும் அதே அறையில்.

காலையில் நான் பத்தியச் சாப்பாடு கொண்டு போனேன். "தலை பாறாங்கல்லா கனக்குது அத்தை" என்றாள் அந்தப் பெண். அவள் அம்மாவுக்கும் தலைவலி. பாட்டி இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டு, "பித்தம்டீ" என்று சுக்குக் கஷாயம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கூடத்தில் படுத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை எடுத்து ஒவ்வொருவர் விரலிலும் மாட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் 97, 98. "எல்லாம் நார்மல்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குழந்தையை எடை பார்க்க கிராம சுகாதார நர்ஸ் வந்தார்.

அறை வாசலில் நின்று கணப்புச் சட்டியைப் பார்த்தவர் ஒரே வார்த்தைதான் கேட்டார். "ராத்திரி பூரா இது இங்கேயா இருந்துச்சு?" ஆமாம் என்றதும், "பாட்டி, மத்த பேச்சு அப்புறம். முதல்ல எல்லாரும் வாசலுக்கு வாங்க" என்று குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பெரியவர்களுக்குத் தெளிந்துவிட்டது. குழந்தையை மட்டும் கூட ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இன்னொரு ராத்திரியும் அப்படியே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது.

ஆக்ஸிமீட்டர் ஏன் பொய் சொன்னது என்று நர்ஸம்மாவையே கேட்டேன். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று இருக்கிறதே, அது பிராணவாயுவை நுரையீரலிலிருந்து ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் போய் இறக்குகிற பஸ் மாதிரி. கார்பன் மோனாக்ஸைடு ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆசாமி. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவுக்கு உட்கார இடமே இருக்காது. விரலில் மாட்டுகிற கருவிக்கு ஸீட்டில் ஆள் இருப்பது மட்டும்தான் தெரியும். யார் உட்கார்ந்திருப்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் 98 காட்டும். அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். கொரோனாவுக்குப் பிறகு ஏராளமான வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

வெளிக்காற்றில் வந்து உட்கார்ந்தால் ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதியாகும். அதனால்தான் "காத்து வாங்கினா சரியாயிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் கவலை. வயிற்றிலிருக்கும் சிசுவின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். அம்மாவுக்குத் தலைவலியோடு போனது குழந்தையையும் அப்படி விடும் என்று சொல்ல முடியாது. பிழைத்து வந்தவர்களிலும் சிலருக்குச் சில நாள், சில வாரம் கழித்து மறதி, தடுமாற்றம், சுபாவமே மாறுவது என்று வரலாம். குணமான பிறகும் டாக்டர் வரச் சொன்ன தேதிக்குப் போய்விட வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் பாடு இது, நமக்கென்ன என்று சமவெளிச் சகோதரிகள் நினைக்க வேண்டாம். உங்கள் பாத்ரூமில் காஸ் கீசர் இருக்கிறதா? கரண்டில் ஓடும் கீசரைச் சொல்லவில்லை. அதில் எதுவும் எரிவதில்லை. சிலிண்டரில் ஓடுகிறதே, அது உள்ளே ஒரு பெரிய அடுப்பு. ஆறடிக்கு நாலடி பாத்ரூமில், கொசு வருகிறது, குளிர் வருகிறது என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிட்டு, கதவைத் தாழிட்டு, அந்த அடுப்பையும் எரியவிட்டு வென்னீரில் குளிக்கிறோம். சில நிமிஷங்களில் உள்ளே இருக்கிற பிராணவாயு குறைந்து, சுடர் திணறி, விஷவாயு சேர்ந்துவிடும். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில் கடைசியில் போகிறவருக்குத்தான் அதிகம் சேரும். அந்தக் கடைசி ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? எல்லாரையும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போகிறவள்தான்.

பாத்ரூமில் மயங்கி விழுந்தவர்களுக்குக் காக்காய் வலிப்பு என்று நினைத்து மருந்து ஆரம்பித்து, பிறகுதான் கீசர் காரணம் என்று கண்டுபிடித்த கேஸ்களை நம் நாட்டு டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். காஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டு வருவதுதான் சரி. வாடகை வீடு, மாற்ற முடியாது என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாளிகளில் வென்னீர் பிடித்து, கீசரை அணைத்து, கொஞ்சம் காற்றாடவிட்டுப் பிறகு குளியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கக் கூடாது. வெளியே தள்ளுவதற்குச் சமமாக உள்ளே வரக் காற்றுக்கு வழி வேண்டாமா?

சமையலறையில் அடுப்பின் சுடரைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் நன்றாக எரிகிறது. மஞ்சளாக நாக்கை நீட்டினால், பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பால் பொங்கி வழிந்து பர்னர் துளை அடைத்திருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம். அப்புறமும் மஞ்சளாக எரிந்தால் ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள். அறையைச் சூடாக்குவதற்காக காஸ் அடுப்பை ஏற்றி வைப்பது வேண்டவே வேண்டாம். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறவர்கள் கதவைத் திறந்து வைத்துக் காட்டி, தணலை உடனே வெளியே கொண்டு போய்விட வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து, மேலே போர்த்திக்கொள்வதுதான் நல்லது. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஜெனரேட்டரும் இதே ஜாதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் பல நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் தொட்டி நிரப்ப ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். மழை நனையாமல் இருக்கட்டும் என்று அதைத் தாழ்வாரத்திலோ ரேழியிலோ வைத்தால் புகை நேராக வீட்டுக்குள்தான் போகும். வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூடிய ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்து ஏ.ஸி. போட்டுக் குழந்தையைத் தூங்க வைப்பதும் கூடாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, மந்தம். அறிகுறி இவ்வளவுதான். எல்லாமே நமக்குத் தினம் வருவது! பிரித்துக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி இருக்கிறதா? வெளியே போனால் விட்டு, திரும்பி வந்தால் பிடிக்கிறதா? உடனே கதவு ஜன்னலைத் திறந்து, எரிவதை அணைத்து, எல்லாரும் வெளியே வாருங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் வாயில் காபி ஊற்றுவதிலும் நேரத்தை விடாமல் வெளியே இழுத்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் மறக்காமல், "ராத்திரி கரி மூட்டியிருந்தோம்" அல்லது "காஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைக்க இடம் இருக்கிறது.

இந்த வாயு வந்தால் அலறுகிற சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டில் கானரிப் பறவையைக் கொண்டு போவார்களாம். மனிதனுக்கு முன்னால் அது மயங்கிவிடும். 1986-ல்தான் அந்தப் பறவைகளை நிறுத்தி, கருவிக்கு மாறப் போவதாக அறிவித்தார்கள். கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சமையலறைக்கென்று விற்கும் காஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு. அது சிலிண்டர் கசிவுக்குத்தான் கத்தும். கார்பன் மோனாக்ஸைடுக்கானது என்று கேட்டு வாங்கி, படுக்கிற அறைக்குப் பக்கத்தில் மாட்டி, மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.